பாலன் குடிலில் ஒரு கவச வாகனம்

நடந்ததைச் சொல்வதற்கு முன்னர், அது நடப்பதற்கு முதல்நாள்வரை வெள்ளவத்தையில் எனக்கிருந்த நிலையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள்.

கொழும்பிலுள்ள கல்லூரியொன்றில் இருபத்தாறு ஆண்டுகள் கணிதம் கற்பித்து, உப அதிபராக ஓய்வுபெற்றவன் நான். கோயில் பரிபாலன சபையின் செயலாளர். எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர், போட்டியின்றித் தெரிவானவன். (வேறு ஒருத்தரும் அந்த வேலைக்கு வர விரும்பவில்லை என்று என் மனைவி சொல்லுவார். அதை இங்கே பொருட்படுத்த வேண்டியதில்லை.) நான் மின்தூக்கிக்குள் நுழைந்தால் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் சுவரைப் பார்ப்பார்கள். திருமண மண்டபங்களில் முன்வரிசையின் மூன்றாவது நாற்காலி கேளாமலே எனக்கு விடப்படும். சால்வையின்றி என்னைப் பொதுவிடத்தில் கண்டவர் எவருமிலர்.

இத்தகைய ஒருவரின் அலுமாரியில், கீழ்த்தட்டில், பட்டு வேட்டிகளுக்கு அடியில் நாற்பத்தொரு பொம்மை இராணுவ வாகனங்கள் இருந்தன.

ஆம். ஜீப்கள், அம்புலன்ஸ், பீரங்கி இழுக்கும் லொறிகள், இரண்டே இரண்டு டாங்கிகள். யாவும் இங்கிலாந்தில் உலோகத்தில் வார்க்கப்பட்டவை. என் வயதை ஒத்தவை. என்னைப் போலவே அங்கங்கே வர்ணம் உதிர்ந்தவை. ஓய்வுபெற்ற ஆண்டில், புறக்கோட்டை நடைபாதையில் பழைய பூட்டுகளுக்கும் மணிக்கூட்டு முட்களுக்கும் நடுவே முதலாவதைக் கண்டு வாங்கினேன். அதை ஏன் வாங்கினேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவதை ஏன் வாங்கினேன் என்பது தெரியும்: முதலாவது தனியாக நின்றது.

வீதியில் உண்மையான இராணுவ வாகனம் வந்தால் மற்றப் பக்கத்துக்குக் கடந்துபோய்ப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அப்படிப்பட்டவன் வேட்டிகளுக்கு அடியில் ஒரு படைப்பிரிவை வைத்திருப்பதை எவ்விதம் வெளியில் சொல்வது? என் மனைவி ஒருவருக்கே தெரியும். அவருக்கோ ஜீப்பும் டாங்கிதான், அம்புலன்சும் டாங்கிதான்.

"இஞ்சாருங்கோ, உங்கட டாங்கியை எடுங்கோ, நான் வேட்டியை அடுக்கவேணும்."

"அது டாங்கி இல்லை. டாங்கிக்குச் சங்கிலிப் பட்டி இருக்கும். இதுக்குச் சக்கரம்."

"சரி, சக்கரம் வச்ச டாங்கியை எடுங்கோ."

சேகரிப்பாளர்களாகிய எங்கள் வழக்கமொன்றையும் இங்கே சொல்லவேண்டும். பழைய பொம்மை வாகனத்தைக் கண்ட சேகரிப்பாளன் முதலில் அதைக் கவிழ்ப்பான். பெயர், இலக்கம், உண்மையா போலியா என்ற விடயம் எல்லாம் அடித்தட்டில்தான் இருக்கும். கவிழ்த்துப் பாராத வாகனத்தை விட்டுவிட்டுப் போவது, பிரிக்காத கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு உறங்கப் போவதைப் போன்றது. என்னால் முடியாது.

என் சேகரிப்பில் ஒரேயொரு குறை இருந்தது. ஆறு சக்கரங்களும் சுழலும் கோபுரமும் கொண்ட ஒரு கவச வாகனம். மூன்று ஆண்டுகள் தேடினேன். ஹெந்தளையில் ஒருவரிடம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக். அழுத்தினால் சைரன் ஒலித்தது. திரும்பி வந்து இரண்டு நாட்கள் எவருடனும் பேசவில்லை.

இந்நிலையிற்றான் என் மகன் கோகுலன், கொள்ளுப்பிட்டியில் தன்னோடு ஒரே அலுவலகத்தில் வேலைசெய்யும் ஷெரின் என்ற பெண்ணை மணக்க விரும்புவதாக அறிவித்தான். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம். தாய் இல்லை, துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற தந்தை மரியதாசும், அவருடைய தமக்கை புளோரன்சும் வளர்த்த பிள்ளை. நான் மறுக்கவில்லை. நிபந்தனைகளுடன் இணங்கினேன். நான்கு நிபந்தனைகள். ஒன்று, திருமணம் கோயிலில் நடைபெற வேண்டும். இரண்டு, தேவாலயத்தில் நடைபெறக்கூடாது. (இரண்டும் ஒன்றுதானே என்று கோகுலன் கேட்டான். கணிதம் படியாதவன்.) மூன்று, அழைப்பிதழில் என் பெயர் பட்டத்துடன் முதலில் வரவேண்டும். நான்காவது இப்போது நினைவில்லை. அப்போது அதுதான் மிக முக்கியமானதாக இருந்தது. நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் முடிந்த மூன்றாம் நாள் பிற்பகல், பட்டு வேட்டி சால்வையுடன், மனைவியோடும் கோகுலனோடும் ஓட்டோவில் ஏறினேன்.

"அப்பா, அங்க நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். சிரிச்சால் காணும்," என்றான் கோகுலன்.

"நான் ஏன் சிரிக்கவேணும்?"

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

மரியதாஸ் வாசலில் நின்றே வரவேற்றார். "வாங்க சேர், வாங்க! சேர் வந்தது எங்களுக்குப் பெரிய சந்தோசம்." சிவப்புச் சீமெந்துத் தரை கண்ணாடிபோல் மினுங்கிய கூடம். நான் மிகுந்த நிதானத்துடன் அமர்ந்தேன். தேநீர் வந்தது. நிபந்தனைகளை எப்போது எடுப்பதென்று யோசித்துக்கொண்டிருக்கையில், மணமக்களுக்காக மேல்மாடியில் புதிதாகக் கட்டிய அறையைப் பார்க்க வருமாறு மரியதாஸ் அழைத்தார்.

"மன்னிக்கவேணும். படி ஏற முழங்கால் விடாது," என்றேன். உண்மைதான். அதைவிட, அறையைப் பாராட்டிவிட்டு நிபந்தனை சொல்வது கடினம்.

எல்லோரும் மேலே போனார்கள். புளோரன்ஸ் கேக் வெட்டச் சமையலறைக்குப் போனார். கூடத்தில் நானும் பாலன் குடிலும் தனித்துவிடப்பட்டோம்.

கூடத்தின் ஒரு மூலை முழுவதையும் அக்குடில் பிடித்திருந்தது. கசக்கிய கடதாசியில் மலைகள், முகம் பார்க்கும் கண்ணாடியில் குளம், வைக்கோல், விட்டுவிட்டு எரியும் சிறு பல்புகள். நடுவில் பாலன் இயேசு, இருபுறமும் மரியாளும் சூசையும். வீட்டிலிருந்த பொம்மைகள் அனைத்தும் தரிசனத்துக்கு வந்திருந்தன: பிளாஸ்டிக் யானை, ஒரு வாத்து, தலை ஆட்டும் நாய். மலையுச்சியிலிருந்து மூன்று ஞானிகள் ஒட்டகங்களுடன் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், அவர்களுக்குக் காவலாக வருவதுபோல, முதுகில் ஒரு ஆட்டுக்குட்டியைச் சுமந்தபடி, பச்சை நிறத்தில் நின்றது அது.

ஆறு சக்கரம். சுழலும் கோபுரம்.

என் இதயம் கல்லூரி மணியைப்போல அடித்தது. தேநீர்க் கோப்பையை வைத்தேன்; எங்கே வைத்தேன் என்பது தெரியாது. (பிறகு யானைக்குப் பக்கத்தில் இருந்தது.) எடுக்கும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை என்பதை இங்கே வலியுறுத்துகிறேன். கவிழ்த்துப் பார்த்துவிட்டு வைப்பேன், அவ்வளவே. பத்து விநாடி அலுவல்.

நின்றபடி எட்டவில்லை. குனிந்தேன், எட்டவில்லை. ஆகவே உப அதிபராக ஓய்வுபெற்ற நான், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முழந்தாளிட்டு, ஒரு கையைக் குளத்தின் கரையில் ஊன்றி, தலையை நட்சத்திரத்துக்குக் கீழே நுழைத்து, ஞானிகளின் தலைக்கு மேலாக மறு கையை நீட்டினேன். ஆட்டுக்குட்டியை மெதுவாக இறக்கினேன். வாகனம் கைக்கு வந்தது. அந்தப் பாரம்! பிளாஸ்டிக் அன்று, உலோகம். கவிழ்த்தேன். பல்பு அணைந்தது. எரிந்தது. முதல் இரண்டு எழுத்துகளை வாசித்தேன். மறுபடி அணைந்தது.

திரும்பி வரலாமென்று தலையை இழுத்தபோதுதான், சால்வையின் குஞ்சம் பல்பு வயரில் சிக்கியிருப்பது தெரிந்தது. மெல்ல இழுத்தேன், மலை என்னோடு வந்தது. விட்டேன், மலை திரும்பிப் போனது. எழும்ப முயன்றேன், முழங்கால்கள் மறுத்துவிட்டன.

அந்த நிலையில், பின்னால் ஒரு தட்டு மேசையில் வைக்கப்படும் ஓசை கேட்டது.

"ஐயோ மாதாவே!" என்றார் புளோரன்ஸ். பிறகு வீடு அதிர, "எல்லாரும் கீழ வாங்களேன்! சேர் பாலனுக்கு முன்னால முழந்தாள்படியிட்டு இருக்காரு!"

படிகளில் நான்கு சோடிக் கால்கள் தடதடத்தன. நான் வாகனத்தைச் சால்வைக்குள் மறைத்தேன். வேறென்ன செய்வது?

"மாடி ஏற முடியாத முழங்காலு! பாலனுக்கு முன்னால தானா மடிஞ்சிருக்கு பாருங்க!" புளோரன்ஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "தம்பி, நான் அன்னைக்கே சொல்லல்ல? மாதா இந்தக் கலியாணத்த நடத்தி வைப்பான்னு?"

அவர் என் அருகில் முழந்தாளிட்டார். செபமாலை வெளியில் வந்தது. மரியதாஸ் முழந்தாளிட்டார். ஷெரின் முழந்தாளிட்டாள். சற்றுத் தயங்கிக் கோகுலனும். கடைசியாக என் மனைவியும் முழந்தாளிட்டு, என் காதருகே மிக மெதுவாகக் கேட்டார்:

"உங்களுக்கு என்ன நடந்தது?"

"பிறகு சொல்லுறன்."

"கையில என்ன?"

"ஒண்டுமில்லை."

அவர் என் சால்வையைப் பார்த்தார். ஞானிகளுக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த மலையைப் பார்த்தார். தனியாக நின்ற ஆட்டுக்குட்டியைப் பார்த்தார். "கடவுளே," என்று கண்களை மூடினார். அந்த வீட்டில் அக்கணத்தில் அவரைப்போல் மனமுருகி வேண்டியவர் எவருமிலர்.

வாய்திறந்து உண்மையைச் சொன்னால், பெண்பார்க்க வந்த வீட்டில் பாலனின் பொம்மையை எடுத்தவன். சொல்லாவிட்டால், மதம் மாறிய கோயிற் செயலாளர். இரண்டில் எதைத் தெரிவுசெய்வது என்று ஐம்பது அருள்நிறை மந்திரங்கள் முடியும்வரை யோசித்தேன். நடுவில் பல்பு வெளிச்சத்தில் இலக்கத்தையும் வாசித்து முடித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அசல்தான்.

செபம் முடிந்தது. என்னால் எழும்ப முடியவில்லை. மரியதாசும் கோகுலனும் இரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். நான் எழுந்தேன். சால்வையும் எழுந்தது. அதனோடு வயரும், நட்சத்திரமும், மலைத்தொடரும் எழுந்தன. மூன்று ஞானிகளும் குளத்தில் வீழ்ந்தார்கள். என் சால்வை மடிப்பிலிருந்து அந்த வாகனம் நழுவிச் சிவப்புத் தரையில் நான்கு... இல்லை, ஆறு சக்கரங்களிலும் சரியாக இறங்கி, நேராக உருண்டுபோய், மரியதாசின் காலடியில் நின்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் என்ன அருமையான உருளல்! அந்த வேளையிலும் நான் அதைக் கவனித்தேன்.

மரியதாஸ் குனிந்து பார்த்தார்.

"இது எங்க அப்பாவோட டாங்கியில்ல?" என்றார் மரியதாஸ்.

கோகுலனின் முகம் வெளிறியது. ஷெரின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்களுடைய எதிர்காலம் முழுவதும் என் ஒரு வார்த்தையில் தொங்கியது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தலைசுற்றி விழுந்திருக்கலாம். நான் சொன்னது இதுதான்:

"டாங்கி இல்லை. கவச வாகனம்."

"அப்பா!" என்றான் கோகுலன்.

"வீட்டில இன்னும் நாப்பத்தொண்டு கிடக்கு," என்றார் என் மனைவி. முப்பத்துநான்கு ஆண்டு இல்லறத்தின் இரகசியம் ஒரே மூச்சில் போயிற்று. "வேட்டிக்குக் கீழ. ஒவ்வொரு ஞாயிறும் துடைச்சு வைப்பார். இதையும் கவிழ்த்துப் பார்க்கத்தான் எடுத்திருப்பார்."

முதலில் சிரித்தவள் ஷெரின். படிக்கட்டில் போய் அமர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்து மரியதாஸ், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பின்னர் கண்களைத் துடைத்தபடி வாகனத்தை எடுத்துத் தாமே கவிழ்த்தார். "அப்பாக்கு கப்பல்ல வந்த ஒரு வெள்ளக்காரன் குடுத்தது சேர். எனக்கு நடக்கத் தெரிஞ்ச காலத்தில இருந்து இது குடில்ல நிக்கிது. அடியில எழுத்து இருக்கிறதே எனக்குத் தெரியாது. என்னா போட்டிருக்கு?"

நான் சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கலாம். வார்ப்பு முறை, டயர்களின் வேறுபாடு, கோபுரத்திலிருந்து உடைந்துபோன கம்பி என்று கால்மணி நேரம் சொன்னேன். சால்வையில் பல்புகள் எரிந்து எரிந்து அணைந்தன. எவரும் இடைமறிக்கவில்லை.

"சேர் ஏதோ கதைக்கணும்னு தம்பி சொன்னாரு?" என்றார் மரியதாஸ் கோகுலனைக் காட்டி, எல்லாம் அடங்கிய பிறகு.

சட்டைப் பைக்குள் அந்தத் தாள் நெஞ்சைக் குத்தியது.

"ஒண்டுமில்லை," என்றேன். "கேக் நல்ல ருசி." அப்போது நான் கேக் சாப்பிட்டிருக்கவில்லை.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் புளோரன்ஸ் பொம்மைக் கதையை ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். "அதெல்லாம் வெக்கத்தில சொல்றாரு. முழங்கால் மடிஞ்சத நான் கண்ணால பாத்தேன்," என்று தெருவெல்லாம் சொன்னார். மறுநாள் காலை எங்கள் சபைத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். "செயலாளர், நீங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டியளாமே?"

விசேட கூட்டம் கூட்டப்பட்டது. மதம் மாறவில்லை என்பதை நிறுவ எனக்கு ஒரேயொரு வழிதான் இருந்தது. ஒரு பயணப்பையில் நாற்பத்தொரு வாகனங்களையும் கொண்டுபோய், சபையின் மேசைமீது வரிசையாக நிறுத்தினேன். பொருளாளர் ஒரு ஜீப்பை எடுத்து மேசையில் ஓட்டிப் பார்த்தார். விளக்கம் ஏகமனதாக ஏற்கப்பட்டது. கூட்டக் குறிப்பை எழுத வேண்டியவர் செயலாளர். ஆகவே, "செயலாளர் முழந்தாளிட்டது விளையாட்டுப் பொருளொன்றின் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்காக மட்டுமே எனச் சபை திருப்தியடைந்தது" என்ற வாக்கியம், என் சொந்தக் கையெழுத்தில், கோயிற் பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கிறது.

திருமணம் காலையில் கோயிலிலும் மாலையில் தேவாலயத்திலும் நடந்தது. அழைப்பிதழில் எவர் பெயர் முதலில் வந்ததென்று நான் பார்க்கவில்லை. (என்னுடையது இரண்டாவதாக வந்தது.)

அந்த வாகனத்தை மரியதாஸ் எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் நத்தாருக்கு நாங்கள் போகும்போது, அது ஞானிகளுக்குப் பின்னால் சக்கரங்கள் வானத்தை நோக்கியிருக்கக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். "சம்பந்தி முழங்கால் நோகக்கூடாதில்லையா," என்பார். ஆட்டுக்குட்டி அந்தச் சக்கரங்களின் நடுவில் படுத்திருக்கும். கூடத்திலுள்ளோர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டு அமர்ந்துவிடுவேன்.

வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் பாலன் குடிலிலிருந்து டாங்கி திருடினார் என்று கொட்டாஞ்சேனையில் இன்றும் சொல்லப்படுகிறது. அது தவறு. அந்தக் குடிலில் டாங்கி எதுவும் இருக்கவில்லை.