இரண்டு கல்லூரிக்கு ஒரு தலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் என் தப்பு கால்வாசிதான். மீதி முக்கால்வாசி ரங்கூன் மொகல் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த கோ பா தின் என்ற பர்மியருடையது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த மனிதரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். ஹைஸ்கூல் தேறியதும் என்னை இந்தியாவுக்குக் கப்பலேற்றிப் படிக்க வைப்பது என்று முடிவாகிவிட்டது. எந்தக் கல்லூரி என்பதில்தான் தகராறு. அப்பா (அலோன் ஜெட்டியில் கிடங்குக் குமாஸ்தா) கிழக்குக் கரையில், சென்னைப் பக்கம் ஒன்றைச் சொன்னார். அங்கே விடுதிப் பையன்கள் விடியுமுன் குளித்து, திருநீறு பூசி, தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். அத்தனை பேருக்கும் குடுமி. நான் ஆசைப்பட்டது மேற்கே, மலையாளக் கரையில் ஒன்று. அதன் விவரப் புத்தகத்தில் கிராப்பும் டையுமாகப் பையன்கள் டென்னிஸ் மட்டையோடு நின்றார்கள். இரண்டு இடத்திலும் என்ன பாடம் நடத்துகிறார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை. (அந்த வயதில் எனக்குக் கல்லூரி என்றால் தலையலங்காரம்தான்.)

"ரெண்டுக்கும் எழுதிப் போடு. எது முதல்ல கூப்பிடுதோ அங்கே போ" என்றார் அப்பா. இரண்டு கல்லூரியும் விண்ணப்பத்தோடு போட்டோ கேட்டிருந்தன.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. முன்மண்டையைச் சிரைக்காமல் இரண்டு மாதம் வளர்த்து, அதை மட்டும் கிராப்பாக வெட்டிக்கொண்டேன். பின்னால் குடுமி இருந்த இடத்திலேயே இருந்தது. எண்ணெய் விட்டுப் படிய வாரினால் கிழக்குக் கரை. குடுமியைக் காலருக்குள் செருகினால் மேற்குக் கரை. கோ பா தின் இரவல் கோட்டும் டையும் மாட்டிவிட்டு ஒரு படம் எடுத்தார். பிறகு நான் வேட்டி கட்டி, திருநீறு பூசி, குடுமியை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொன்று.

"கௌண்டே, ஸயா!" என்று கைதட்டினார். (பர்மியில், ‘ரொம்ப நன்றாயிருக்கிறது, ஐயா’ என்று அர்த்தம்.)

நன்றாயிருந்தால் என்னிடம் கொடுத்ததோடு விடவேண்டியதுதானே? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டையும் பெரிதாக்கி, கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டார் அந்தப் புண்ணியவான்! எனக்கு அது தெரியாது.

அடுத்த மாதம் கிழக்குக் கரைக் கல்லூரியின் விடுதித் தலைவர், புதுச் சமையற்கட்டுக்கு நன்கொடை திரட்ட ரங்கூன் வந்தார். அப்பா அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். அன்றைக்கு அவர் தலையசைத்தால் எனக்கு இடம் உறுதி. நான் குடுமியும் திருநீறுமாகப் பவ்யமாக நின்றேன்.

வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, மொகல் தெரு கண்ணாடிப் பெட்டியிலே உங்க படம் பார்த்தேன். பக்கத்திலே டை கட்டிக்கிட்டு உங்க ஜாடையிலேயே ஒருத்தர் நிக்கிறாரே, அவர் யாரு?"

"அது... எங்க அண்ணனுங்க."

அந்த நேரம் பார்த்து அப்பா வாழையிலைக் கட்டோடு உள்ளே வந்தார்.

"மூத்த பிள்ளை எங்கே படிக்கிறார்?" என்று அவரிடம் கேட்டார் விருந்தாளி.

"மூத்தவனா? எனக்கு இவன் ஒரே பிள்ளைங்க!"

விருந்தாளி சிரிக்கவில்லை. "ஒரே ஆளுதான்னு ஸ்டூடியோக்காரர் அப்பவே சொன்னார். நான்தான் நம்பலே" என்றவர், என் பக்கம் திரும்பினார். "தம்பி, கிராப்பு வெச்ச பிள்ளைங்களுக்கும் எங்க விடுதியிலே இலை போட்டிருக்கோம். ஆனா உங்க ஒருத்தருக்கே ரெண்டு இலை போடணும் போலிருக்கே. அதுக்கு இடமில்லை."

சொல்லிவிட்டு நன்றாகச் சாப்பிட்டார். இரண்டு முறை ரசம் கேட்டார்.

பத்து நாளில் மேற்குக் கரையிலிருந்து இடம் உண்டு என்று கடிதம் வந்தது. ஆசையாக நீட்டினேன். அப்பா படித்து, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது டை கட்டின உங்க அண்ணனுக்கு வந்தது. அவன் வந்தா கப்பலேத்தி விடுறேன். நீ இங்கேயே படி."

நான் ரங்கூனைத் தாண்டவில்லை. உள்ளூரிலேயே படித்து, அதே அலோன் ஜெட்டியில் குமாஸ்தாவானேன். கோ பா தின்னிடம் போய்க் கத்தினேன். படத்தைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "நிறைய ஆளு இதைப் பார்த்துத்தான் உள்ளே வருது, ஸயா" என்று எனக்கு டீ வேறு கொடுத்தார். என்ன நெஞ்சழுத்தம்!

பெண் வீட்டாரும் அதைப் பார்த்துத்தான் வந்தார்கள். கல்யாணமான மறுநாள் என் மனைவி மெல்லக் கேட்டாள்: "உங்க அண்ணன் ஏன் கல்யாணத்துக்கு வரலே?"

விஷயம் தெரிந்ததும் அவள் செய்த முதல் காரியம், டை கட்டிய படத்தை மட்டும் ஸ்டூடியோவிலிருந்து வாங்கிவந்து சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியதுதான். எங்களுக்குள் சண்டை வந்தால், "அவரா இருந்தா இப்படிக் கத்துவாரா?" என்று படத்தைப் பார்த்துச் சொல்வாள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளும் அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் வாசல் தாண்டுகிறார்கள்.

"பெரியப்பா வெளியூர் போய்ப் படிச்சவருப்பா" என்று எனக்கே விளக்குகிறாள் கடைக்குட்டி. நான் படத்துக்குக் கீழேயே, உயிரோடு, உட்கார்ந்திருக்கிறேன்.