ஒரே வரியில் அப்பாவின் பெயர்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். போய்ச் சேர்ந்தவர்களை வைத்துச் சிரிப்பது பாவமோ என்ற பயம். குற்றாலநாதர் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஐம்பதுகளில் தென்காசியில் வட்டத்தை வெறுத்த ஒரே மனிதர் கட்டை அண்ணாச்சிதான். அச்சாபீசில் சுவரொட்டிக்காகப் பலாக்கட்டையில் எழுத்துச் செதுக்குவார். எல்லாம் ஒல்லி, உயரம், தடித்த கறுப்பு. ண-வின் சுழிகூட மூலை மூலையாகப் பெட்டி அடுக்கினாற்போல் நிற்கும். வளைவு இடத்தைத் தின்னும் என்பார். சுவரொட்டி ஒட்டியானதும் செங்கோட்டை பஸ்ஸில் ஏறி, ஓடுகிற ஓட்டத்தில் படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் சாப்பாடு. ஆனாலும் அந்தக் கூர்மூக்கு எழுத்தைக் கலியாண வீட்டார் தொடமாட்டார்கள். மரண அறிவிப்புக்கு மட்டும்தான் கேட்பார்கள்.

ஒரு ஆடி அமாவாசையன்று, இந்த வயசில் அருவிக்குளியல் வேண்டாமென்று அப்பாவிடம் குரலை உயர்த்திவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டு குற்றாலம் போனார். அன்றைக்கு அருவியில் வெள்ளம். இரண்டு நாளாகியும் ஆள் வரவில்லை. காணவில்லை என்று சுவரொட்டி அடிக்க அச்சாபீசுக்கு ஓடினேன்.

அப்பா பெயரைக் கேட்டதும் அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. சங்கரநாராயணசுப்பிரமணியம்!

"ரெண்டு வரியா மடிச்சுப் போடுங்க அண்ணாச்சி. சீக்கிரம் ஆகட்டும்."

"பஸ்ஸில போறவன் கண்ணு ஒரு நொடிதான் நிக்கும் வே. ஒங்க அப்பா பேரு ஒரே வரியில முழுசா உள்ள போக வேண்டாமா?"

பெயருக்கு மூன்று ர வேண்டும். அவரிடம் இரண்டுதான் இருந்தன. வேறு ரகத்து ர ஒன்றைச் சொருகச் சொன்னேன். கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உட்கார்ந்து செதுக்க ஆரம்பித்தார். நான் வாசற்படியில் திருநீற்றுப் பையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளத்தை நினைத்துக் குற்றாலநாதரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை செங்கோட்டை தாண்டிப் புளியறை வரைக்கும் சுவரெல்லாம் அப்பா பெயர். மத்தியானத்துக்குள் வீடு நிறைய மாலைகள். எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஊரே முடிவு கட்டிவிட்டது. கீழே இருந்த "காணவில்லை"யை ஒருவரும் படிக்கவில்லை. அம்மா விழுந்து அழ, நானும் நம்பத் தொடங்கிவிட்டேன்.

அப்போது வாசலில் அப்பா குரல்.

"ஏலே, நான் எப்பம்லே செத்தேன்?"

புளியறையில் சிநேகிதர் வீட்டில் முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். பத்திரிகை படிக்க முடியாத அந்தக் கண்ணுக்கு, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சுவரில் தன் பெயர் தெரிந்திருக்கிறது. பதறியடித்து பஸ் ஏறிவிட்டார்.

மாலையும் கையுமாக நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் அண்ணாச்சி.

"பெரியவரே, எத்தனை அடி தூரத்துல இருந்து படிச்சிய?"

ஏழு வருஷம் கழித்து அப்பா உண்மையிலேயே காலமானார். அறிவிப்புக்கு மறுபடி அண்ணாச்சியிடம் போனேன். அவர் அந்தக் கட்டைகளைத் தொடவில்லை.

"அந்த எழுத்துல அடிச்சு, வீடு திரும்பி வந்த பேரு வே அது. எனக்குக் கை வராது."

ஆயுசெல்லாம் வெறுத்த உருண்டை எழுத்தை எடுத்து, இரண்டு வரியாகக் கோத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கோத்தார்.

இதைப் படித்தவர்கள், நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றையும் கூட்டவோ மாற்றவோ வேண்டாம். இடையில் வேறு ரகம் சொருகினால் அண்ணாச்சிக்குப் பொறுக்காது.