கேஸ் போட மறுத்த நுரை அண்ணாச்சி

திருவனந்தபுரத்தில் ஏ.சி. மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஏ.சி.க்கு கேஸ் போட மாட்டேன் என்று சண்டை பிடித்த மெக்கானிக் உலகத்திலேயே ஒருவர்தான். ஆரியசாலையில் வத்தல் மண்டி மாடியில் குடியிருந்த நுரை அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

கேஸ் கசிகிற இடத்தில் சோப்பு நுரை குமிழி விடும். அண்ணாச்சிக்குத் தெரிந்த ஒரே வேதம் அது. ஒருமுறை எங்கள் பக்கத்து வீட்டில் ஃப்ரிட்ஜ் பார்க்க வந்தவர், கை சும்மா இருக்காமல் அடுப்புக் குழாயிலும் நுரையைத் தடவினார். அங்கே ஒரு குமிழி கிளம்ப, பாதி வெந்த சாம்பாரை விட்டுவிட்டு மொத்தக் குடும்பமும் தெருவில் நின்றது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் என் அப்பா பக்கவாதம் வந்து படுத்தார். பேச்சும் போய்விட்டது. முதுகில் படுக்கைப்புண். வியர்வை பட்டால் புண் ஆழமாகிவிடும், அறை குளிர்ச்சியாகவே இருக்கட்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏ.சி. மாட்டினோம். ஏப்ரல் வெயிலில் அது காலை வாரியது. வேறொரு மெக்கானிக் மூன்று தடவை வந்து, கேஸ் தீர்ந்துவிட்டது என்று நிரப்பிப் போனார். ஒரு வாரம் குளிரும், அப்புறம் பழைய கதை. சமையல் கேஸ் தீருகிற மாதிரி இதுவும் தீரும் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

நான்காவது தடவை குளிர் நின்றதும் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"கேஸ் தீந்துபோச்சு அண்ணாச்சி, கொஞ்சம் அடிச்சு விடுங்க."

"தீர்றதுக்கு அது என்ன அடுப்பு கேஸா சாரே? குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு கெடக்கும். கொறஞ்சா எங்கயோ ஓட்டை. அதக் கண்டுபிடிக்காம ஒரு கிராம் போட மாட்டேன், கேட்டியளா?"

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "மாமாவுக்கு வேர்த்து ஒழுகுது. இப்பத்தைக்குப் போட்டுட்டு, ஓட்டைய நாளைக்குப் பாக்கக் கூடாதா?"

"நாளைக்கு வேற ஆள விளிச்சுக்கிடுங்க!"

தன் பிரஷ்ஷை மறந்துவிட்டு வந்தவர், அலமாரியிலிருந்த அப்பாவின் ஷேவிங் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். கேட்கவெல்லாம் இல்லை. குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றி, இணைப்பு இணைப்பாக நுரை தடவினார். வெளியே மாட்டியிருந்த ஏ.சி. பெட்டியின் பின்னால், ஒரு நட்டில் கடுகளவு குமிழி எழுந்தது. "கிட்டிப்போச்சு!" அந்தக் கத்தல் கரமனைப் பாலம் வரை கேட்டிருக்கும்.

குழாய் முனையைச் சரிசெய்து, நட்டை முறுக்கி, பம்பு வைத்து உள்ளேயிருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். "இனி ஒரு மணிக்கூர் இந்த மீட்டர் முள்ளு அசையப்படாது. அசைஞ்சா இன்னும் ஓட்டை இருக்குன்னு அர்த்தம், மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." மனைவி அப்பாவுக்கு விசிற, நான் பூஜைக்கு உட்கார்ந்த மாதிரி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவே திரும்பினால், அண்ணாச்சி பிரஷ்ஷைக் கழுவிப் புது நுரையோடு கட்டிலருகே நிற்கிறார். படுத்த நாளிலிருந்து அப்பா தாடியில் எங்களைக் கைவைக்க விட்டதில்லை.

"மொகத்தக் காட்டுங்க அண்ணே. மணிக்கூர் ஆகுற வரைக்கும் எனக்கும் வேலை வேண்டாமா?"

அப்பா காட்டினார்!

ஒரு மணி நேரமும் முள் அசையவில்லை. அண்ணாச்சி வத்தல் மண்டியிலிருந்து கொண்டுவந்திருந்த தராசின்மேல் கேஸ் சிலிண்டரை நிறுத்தினார். தராசிலிருந்த வத்தல் நெடியில் வீடே தும்மியது. "கண்ணளவா போட்டா போதாதா?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"கண்ணளவுக்கு இது என்ன சாம்பாருக்கு உப்பா சாரே?"

பெட்டியில் எழுதியிருந்த எடை சரியாக இறங்கிய பிறகுதான் வால்வை மூடினார்.

அறை மெல்லக் குளிர்ந்தது. அப்பா இடது கையால் எதையோ தேடினார். தண்ணீரா என்றேன், இல்லை. தலையணையா, இல்லை. கை காலடிப் பக்கம் காட்டியது. அதுவரை வியர்வையில் துடித்த மனிதர், குளிருகிறது என்று போர்வை கேட்கிறார். கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டது அண்ணாச்சிதான். அந்தக் கைகளுக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.