நாலு ஓட்டுப் போட்ட செம்மறியாடு

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்துச் சொச்சத்தில், அமெரிக்காவில், நீராவிப் படகுகள் ஊதிக்கொண்டு போகும் ஆற்றோரமாய் ஒரு காட்டில் நகராட்சி இருந்தது. அதற்கு மேயர் தேர்தல் வந்தது. ஒரு பக்கம் கரடி, மறுபக்கம் நரி.

அங்கே எசேக்கியா என்றொரு செம்மறியாடு. அதற்கு வாழ்க்கையில் ஒரே ஆசை: போலீஸ் ஆக வேண்டும். தொப்பி, விசில், பித்தளைப் பொத்தான். அந்த ஊரில் போலீஸை நியமிப்பது மேயர்.

நரி அதைத் தனியாகக் கூப்பிட்டது.

"தம்பி எசேக்கியா, ஓட்டு எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தாண்ணே."

"எத்தனை?"

எசேக்கியா திருதிருவென்று விழித்தது. "ஒண்ணுதானேண்ணே இருக்கு?"

"உடம்பு பூரா கம்பளியை வச்சுக்கிட்டு ஒண்ணுங்கறியே! தொப்பி வேணுமா, வேணாமா?"

ஓட்டுச்சாவடிக்கு எதிரே நண்டின் சலூன். நண்டுக்குத் தனியாகக் கத்திரி தேவையில்லை. சாவடி அதிகாரி ஆந்தை. பகலில் அதற்குக் கண் தெரியாது. தேர்தல் பகலில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம்.

எசேக்கியா முதலில் முழுக் கம்பளியோடு போய், நரிக் கட்சி அச்சடித்துக் கொடுத்த மஞ்சள் சீட்டைப் பெட்டியில் போட்டது. பிறகு சலூனுக்கு ஓடியது. அங்கே ஒரே கூட்டம். கரடிக் கட்சி முள்ளம்பன்றி பாதி மொட்டையாய் முறைக்குக் காத்திருந்தது.

முதுகுக் கம்பளி போனது.

"பேர்?" என்றது ஆந்தை.

"நெகேமியாங்க. எசேக்கியாவோட சித்தப்பா மகன்."

வயிறும் காலும் போயின.

"ஒபதியாங்க. தாய்மாமன்."

கடைசியாகத் தலையும் போனது.

"பேர்?"

"பன்றிங்க."

ஆந்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தது.

"அப்படியே ஒபதியா ஜாடை," என்று சொல்லிவிட்டு ஆந்தை எழுதிக்கொண்டது.

நரி மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது.

மறுநாள் காலை எசேக்கியா பனிக்காற்றில் வெடவெடத்தபடி நகராட்சிக்குப் போனது. வாசலில் புதுப் போலீஸ் நின்றது. தொப்பி, விசில், பித்தளைப் பொத்தான், புசுபுசுவென்று கம்பளி. மூக்கு மட்டும் ஓநாய் மூக்கு. கம்பளியை எசேக்கியா கடைசியாகப் பார்த்தது நண்டுக் கடைத் தரையில்.

"நீங்க யாருங்க?"

"எசேக்கியா," என்றது ஓநாய். "செம்மறியாடு."

"நான்தானே எசேக்கியா! நரியண்ணே, நீங்களாவது சொல்லுங்க!"

ஜன்னல் வழியாக மேயர் நரி தலையை நீட்டியது. கையில் வாக்காளர் பதிவேடு.

"நீ எசேக்கியான்னா, இந்த நெகேமியா யாரு? ஒபதியா யாரு? கள்ள ஓட்டுக்கு ஆறு மாசம் ஜெயில். நிதானமா யோசிச்சுச் சொல்லு தம்பி. நீ யாரு?"

எசேக்கியா நிதானமாக யோசித்தது. அதற்குள் மூக்கில் பனி உறைந்துவிட்டது.

"பன்றிங்க."

"ஊருக்குள்ள பன்றி திரியக் கூடாது," என்று புது எசேக்கியா விசில் ஊதியது.

நீதி: ஓட்டு எத்தனை வேண்டுமானாலும் போடலாம். வெட்டிய முடியை மட்டும் கையோடு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.