குவாலி மரத்துக்குப் பெயர் வந்த கதை

போராட்டம் செய்யப் போகிறவர்கள் முதலில் கழிவறைக்குப் போய்விட்டு வர வேண்டும். இந்த அடிப்படை உண்மையை எந்தத் தலைவரும் மேடையில் சொன்னதில்லை. அனுபவப்பட்டவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

என் மனைவி வசந்திக்கு பாலிக் புலாவ் மலைச்சரிவில் ஒரு சின்ன டுரியான் தோட்டம் இருக்கிறது. லாரி ஓட்டிய அவள் அப்பா வாங்கிப்போட்ட நிலம். அவருக்குப் பிறகு இவள் பெயருக்கு வந்தது. நாங்கள் குடியிருப்பது ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடி வீட்டில். வார நாட்களில் நான் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. சனி, ஞாயிறு வந்தால் மனைவியின் தோட்டத்தில் சம்பளமில்லாத வேலையாள். (அங்கே என் தரத்தைக் கட்டுப்படுத்துவது வசந்தி.)

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் எரிவாயுக் கம்பெனி எங்கள் மலைச்சரிவு வழியாகக் குழாய் பதிக்கப் போவதாக அறிவித்தது. யாரோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அழகாக ஒரு நேர்கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோடு வசந்தியின் தோட்டத்தையும் பக்கத்துத் தோட்டக்காரர் ஆ செங்கின் தோட்டத்தையும் கிழித்துக்கொண்டு போனது. கோட்டில் நிற்கும் மரங்களை வெட்ட வேண்டும். குழாய் புதைத்த பிறகு அதன் மேல் வேறு மரமும் வைக்கக் கூடாது. கோட்டுக்கு நட்டநடுவே நின்றது வசந்தியின் அப்பா முதன்முதலில் நட்ட டுரியான் மரம். மரம் போய்விடுமோ என்ற கவலையில் அவள் சரியாகச் சாப்பிடுவதைக்கூட விட்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மற்ற எல்லாக் கூத்துக்கும் காரணம் அதுதான்.

ஆ செங் எழுபதைத் தாண்டிய சீனர். எங்களோடு மலாயில் பேசுவார். நீண்ட நாள் பழகிய தோஷத்தில் தமிழில் திட்ட மட்டும் நன்றாக வரும். அவர் கொட்டகையில் கூட்டம் போட்டோம். அளவெடுக்கும் ஆட்கள் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் சம்மதிக்காமல் அவர்கள் உள்ளே கால் வைக்க முடியாது என்று விசாரித்து வைத்திருந்தோம். ஆகவே கேட்டைப் பூட்டிவிட்டு, வெளியே நின்று, மரியாதையாக முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவது என்று முடிவானது.

எனக்கு இது சப்பென்று இருந்தது. வெளிநாடுகளில் மரத்தைக் காப்பாற்றுகிறவர்கள் தங்களைச் சங்கிலியால் மரத்தோடு பிணைத்துக்கொள்வதை நான் கைப்பேசியில் நிறையப் பார்த்திருந்தேன். உடனே ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் போய், மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற கனத்த சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்தேன்.

"எதுக்குங்க இது?" என்றாள் வசந்தி.

"சனிக்கிழமை பாரு," என்றேன்.

சனிக்கிழமை காலை, 'குழாய் வேண்டாம்' என்று மூன்று மொழியில் எழுதிய பதாகையோடு மாமனாரின் மரத்தடிக்குப் போனேன். அங்கே ஒரு சிக்கல். பலாப்பழம்போல் கனமும் அதைவிடக் கூரான முள்ளும் உள்ள டுரியான் பழத்தை நாங்கள் பறிப்பதில்லை. அது தானாகப் பழுத்து விழ வேண்டும். விழுவதைப் பிடிக்க மரத்தடியில் வலை கட்டியிருப்போம். அந்த வலை என் முகத்தையும் பதாகையின் பாதியையும் மறைத்தது. வீடியோவுக்கு நன்றாக இருக்காது என்று, அந்த ஒரு மரத்தின் வலையை மட்டும் அவிழ்த்துவிட்டேன்.

அது நல்ல டுரியான் பருவம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"வலைய ஏன் அவுத்தீங்க? மண்டையில விழுந்தா?" என்றாள் வசந்தி.

"டுரியானுக்குக் கண்ணு இருக்குன்னு உங்கப்பாவே சொல்லியிருக்காரு. அது மனுசன் மேல விழாது."

இந்த ஊரில் எல்லா இனத்தவரும் சொல்கிற பேச்சு இது. உண்மையில் பழம் பெரும்பாலும் ஆளில்லாத இரவிலும் விடியற்காலையிலும் விழுவதால் வந்த நம்பிக்கை. பகலில் காற்றடித்தால் அது யாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு விழுவதில்லை என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆ செங் என் கைப்பேசியை வாங்கிக்கொண்டு படம் பிடிக்க நின்றார். அவர்கள் வருவதற்குள் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மரத்தோடு சேர்த்து என் இடுப்பைச் சங்கிலியால் சுற்றிப் பூட்டினேன். "இந்த மரத்தை வெட்டுவதானால் முதலில் என்னை வெட்டுங்கள்" என்று முழங்கினேன். முழக்கத்தோடு முழக்கமாக, சாவியை ஓங்கிப் பள்ளத்தில் வீசினேன்.

ஒத்திகையில் சாவியை வீசுவதுபோல் கையை மட்டும் வீசியிருக்கலாம் என்று, அது ஓடைப் பக்கத்துப் புதருக்குள் விழுந்து மறைந்த பிறகு தோன்றியது. பூட்டோடு வந்த இரண்டாவது சாவியும் அதே வளையத்தில்தான் இருந்தது.

ஆ செங் கைப்பேசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் பட்டனை அழுத்தவே இல்லையே," என்றார் மலாயில். "மறுபடி ஒரு தடவை வீசுறியா?"

வசந்தி பள்ளத்தில் இறங்கிப் புதரைப் புரட்டிவிட்டு, கையில் சிராய்ப்போடு வெறுங்கையாக ஏறி வந்தாள். அளவெடுக்கிறவர்கள் வந்து சேரவில்லை. (டவுனில் நிறுத்தி லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பாலிக் புலாவ் வந்துவிட்டு லக்சா சாப்பிடாமல் போனால் அது பாவம்தான். எதிரி என்பதற்காக நான் குறை சொல்ல மாட்டேன்.) வெயில் ஏறியது. காலையில் குடித்த இரண்டு கோப்பைத் தேநீர் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. அப்போதுதான் காற்று வந்தது.

முதல் பழம் என் வலது காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. தரை அதிர்ந்தது. என் வீரமெல்லாம் அந்த அதிர்ச்சியிலேயே இறங்கிவிட்டது.

"வசந்தி," என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

அவள் ஓடிப்போய், கொட்டகையில் நூடுல்ஸ் போட்டு மீ கோரேங் வதக்குகிற பெரிய இரும்பு வாணலியை, எங்கள் பேச்சில் குவாலியை, எடுத்து வந்தாள். என் தலையில் துண்டை மடித்து வைத்து, அதன்மேல் குவாலியைக் கவிழ்த்து, தன் துப்பட்டாவை இரண்டு கைப்பிடியிலும் கோத்துத் தாடையோடு இறுக்கிக் கட்டினாள். முடிச்சை இன்னொரு தடவை வெடுக்கென்று இழுத்தாள். கோபமா பயமா என்று கேட்கிற துணிச்சல் எனக்கில்லை.

ஆ செங் யோசித்துவிட்டு, "சங்கிலிய வெட்டணும். என்கிட்ட பாராங் கத்திதான் இருக்கு, அது இரும்ப வெட்டாது. வேணும்னா மரத்த வெட்டிடலாம்," என்றார்.

"மரத்தத் தொடாதீங்க அங்கிள்," என்றாள் வசந்தி. "அதுக்காகத்தானே இவ்வளவும்."

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி வண்டி வந்து கேட்டில் நின்றது. இறங்கியவர்கள் எல்லோர் தலையிலும் மஞ்சள் தொப்பி. அவர்களுக்குத் தலைவராக வந்த மோகன் என்ற இளைஞர், கேட்டுக்கு வெளியே நின்றபடி என்னை நெடுநேரம் பார்த்தார். குவாலியைத் தலையில் கட்டி, கால்களைப் பின்னிக்கொண்டு மரத்தோடு நெளிகிற ஒருவனைப் பற்றி அவருடைய பயிற்சியில் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அக்கா, அண்ணனுக்கு என்னாச்சு? உடம்புக்கு முடியலையா?"

"அது போராட்டம் தம்பி. சாவி தொலைஞ்சு போச்சு."

"எங்க வண்டியில இரும்பு வெட்டுற கட்டர் இருக்குக்கா. ஆனா நீங்க உள்ள விடக் கூடாதுன்னு கேட்டப் பூட்டி வச்சிருக்கீங்களே. நாங்க வரவா, வேணாமா?"

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டவன் கதையாகிவிட்டது என் கதை. அவர்களை உள்ளே விடாமல் தடுப்பது ஒன்றே அன்றைய திட்டம். இப்போது அவர்களை உள்ளே அழைத்தால்தான் எனக்கு விடுதலை. மேலே கிளை ஆடியது. உள்ளே தேநீர் ஆடியது.

"உள்ள விடு வசந்தி," என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டு எதையும் சொன்னதில்லை.

வசந்தி கேட்டுக்குப் போனாள். பூட்டில் சாவியைப் போட்டவள் திருகவில்லை.

"தம்பி, கட்டர் மட்டும் வரலாம். அளக்குற சாமான் ஒண்ணுகூட உள்ள வரக் கூடாது லா. ஆணி அடிக்கக் கூடாது, மரத்துல சிவப்பு பூசக் கூடாது. வெட்டிட்டு வெளிய போயிடணும். சரின்னா தொறக்குறேன்."

மோகன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரிக்கா," என்றார்.

கணவன் தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது பேரம் பேசினாளே என்று எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அவர்கள் வந்து, சங்கிலியில் கட்டரை வைத்தார்கள். 'டக்' என்று சங்கிலி விட்டது. நான் ஓரடி நகர்ந்திருப்பேன். அடுத்த காற்றில் ஒரு பழம் வந்து குவாலியின் விளிம்பில் இறங்கியது. கோயில் மணி அடித்ததுபோல் காதுக்குள் ஓசை. குவாலி காதுவரை இறங்கியது. பழம் வழுக்கிப் போய் மோகனின் பாதத்துக்கு அருகே விழுந்தது. நேராக நடுமண்டையில் இறங்கியிருந்தால் இதை எழுத ஆளிருந்திருக்காது. தலைக்கு வந்தது குவாலியோடு போயிற்று. நான் யாருக்கும் நன்றி சொல்லாமல், குவாலியைக்கூடக் கழற்றாமல், கழிவறைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது எல்லோரும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். பருவத்தில் தோட்டத்துக்குள் வந்தவரை, அவர் யாராக இருந்தாலும், பழம் கொடுக்காமல் அனுப்பக் கூடாது. அது இங்கே எழுதாத சட்டம். என்மேல் விழுந்த பழத்தையே வசந்தி பிளந்து வைத்திருந்தாள். மோகன் ஒரு சுளையை வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு சுளைக்குக் கை நீட்டினார்.

"இது என்ன பழம்க்கா? பேரு என்ன?"

இங்கே நல்ல டுரியானுக்கெல்லாம் பெயர் உண்டு. மாமனார் மரத்துக்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை. வசந்தி ஆ செங்கைத் திரும்பிப் பார்த்தாள். ஆ செங் என் தலையைப் பார்த்தார்.

"குவாலி," என்றார்.

வசந்தி சிரித்துவிட்டாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். அவள் தட்டிலிருந்து சுளை எடுத்துச் சாப்பிடவும் செய்தாள். என்னைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் சிரித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

மோகன் கையைக் கழுவிவிட்டு, மேலிருந்து கனமான பொருள் விழுகிற இடத்தில் ஆட்களை வேலைக்கு விடக் கம்பெனி விதி இடம் கொடுக்காது என்றார். பருவம் முடியும்வரை அளவெடுப்பு இல்லை என்று எழுதியும் கொடுத்தார். அந்த இடைவெளியில் நாங்கள் வக்கீலைப் பார்த்து, மற்ற தோட்டக்காரர்களையும் சேர்த்து, முறைப்படி ஆட்சேபணை கொடுத்தோம்.

விசாரணைக்குக் கிளம்பிய அன்று வசந்தி காரின் பின்சீட்டில் குவாலியை ஏற்றினாள்.

"இது எதுக்கு?"

"சாட்சி," என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரிகள் தூக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தார்கள். வசந்தி நசுங்கிய குவாலியை 'ணங்' என்று மேசைமேல் வைத்தாள். எல்லோரும் நிமிர்ந்தார்கள். முதலில் என் கதையைச் சொன்னாள்; சிரித்தார்கள். பிறகு அப்பாவின் மரத்தைப் பற்றிச் சொன்னாள். இந்தச் சரிவைத் தோண்டினால் மழைக்கு மண் இறங்கும், கீழே இருக்கிற வீடுகள் என்ன ஆகும், சாலையோரமாகக் குழாய் போட ஏன் முடியாது என்று கேட்டாள். சிரித்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் போராட்டத்துக்கு நான் செய்த மிகப் பெரிய உதவி அதுதான்.

கடைசி அனுமதி இன்னும் வரவில்லை. ஆனால் கம்பெனி திருத்திய வரைபடம் வந்துவிட்டது. அந்த நேர்கோடு எங்கள் சரிவுக்கு முன்பே வளைந்து சாலையோரமாகப் போகிறது. வளைவுக்கு உள்ளே ஒரு சின்ன வட்டம் போட்டு, மோகனாகத்தான் இருக்கும், 'குவாலி மரம்' என்று மலாயில் எழுதியிருக்கிறார்கள். வசந்தி அதைச் சட்டம் போட்டு, மாமனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்.

வீட்டில் இப்போதும் நான் எதற்காவது குரலை உயர்த்தி வீரம் பேசினால், அவள் எழுந்துவிடுவாள். சமையலறைக்குப் போய் அந்தக் குவாலியை எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்த வருடம் மரம் நிறையக் காய்த்திருக்கிறது. தோட்டத்து வாசலில் ஆ செங் போட்டிருக்கிற பழக்கடைக்கு வருகிறவர்கள், குவாலி இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். ஏன் அந்தப் பெயர் என்று யாராவது கேட்டால், வசந்தி பழத்தைப் பிளந்தபடியே என் பக்கம் கையைக் காட்டுவாள். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் வலையை இன்னொரு தடவை இழுத்துக் கட்டப் போய்விடுவேன்.