மூன்று காது முயலின் அசல் அட்டைப்படம்

ஒரு காட்டில், அதுவும் செல்போன் கோபுரம் வந்து தேன்கூடெல்லாம் இடம்பெயர்ந்து போன காலத்துக் காட்டில், சடையப்பன் என்றொரு கரடி இருந்தது. மற்ற கரடிகள் தேன் சேர்க்கும். சடையப்பன் காமிக்ஸ் அட்டைப்படம் சேர்த்தது. அச்சடித்த அட்டையைச் சொல்லவில்லை; அதையெல்லாம் எந்தக் குரங்கும் சேர்க்கும். அந்த அட்டைக்காக ஓவியர் கையால் தீட்டிக் கொடுத்தாரே, அந்த ஒரிஜினல் ஓவியம். குகைச் சுவர் முழுக்க அப்படி நாற்பத்தொரு படங்கள். விருந்தாளி வந்தால் கைகால் கழுவி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். தும்மினால் உறவு முறிந்தது. சொந்தத் தங்கையே ஒரு தும்மலோடு போனதுதான், பொங்கலுக்குக்கூட வருவதில்லை.

நாற்பத்தொன்று இருந்து என்ன? சடையப்பன் உயிரை விட்டுத் தேடியது ஒன்றே ஒன்றைத்தான். ‘சூறாவளி முயல்’ வரிசையில் ஏழாவது புத்தகம், ‘பாழுங்கிணற்றில் பத்து முதலைகள்’. குட்டியாக அம்மை போட்டுப் படுத்திருந்தபோது அம்மா வாங்கித் தந்தது. அட்டையில் முயல் கிணற்றுக் கயிற்றில் தொங்கும், கீழே முதலைகள் வாயைப் பிளக்கும். முயலுக்கு மூன்று காது. முதலை மூச்சு விடுவதைக் கேட்கத்தான் மூன்றாவது காது என்று குட்டிக் கரடி தானாகவே முடிவு கட்டியது. அம்மை இறங்கியதும் தலையில் ஒரு பாக்குமட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு மாதம் காடு முழுக்கத் திரிந்தது. அந்தச் சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தத் தேனிலும் கிடைக்கவில்லை.

ஒரு நாள் ‘அட்டைப்பட அன்பர்கள்’ வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. அந்தப் படத்தை வரைந்த அணில் அஞ்சுகம் ஆற்றங்கரைப் பொந்தில் குடியிருக்கிறது, படமும் அதனிடமே இருக்கிறது! சடையப்பன் செருப்புக்கூடப் போடாமல் ஓடியது.

அஞ்சுகம் தன் வாலையே தூரிகையாக்கி வரைந்த ஓவியர். அந்த மகத்தான படத்தை இப்போது மாங்காய் ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகப் போட்டிருந்தது.

“எறும்பு ஏறாதுய்யா, நல்ல கெட்டி அட்டை,” என்று தட்டிக் கொடுத்தது.

சடையப்பன் இரண்டு கையாலும் வாங்கியது. கிணறு இருந்தது. கயிறு இருந்தது. முதலை பத்தும் இருந்தன. கரடியின் முகம் சுருங்கிப்போனது.

“அம்மா, மூணாவது காது எங்கம்மா?”

“முயலுக்கு எத்தனை காதுய்யா?”

“இந்த முயலுக்கு மூணு.”

“அட, அது அச்சுக்கூடத்து நரி பண்ணின கூத்து! ஒவ்வொரு கலரா அடிக்கிறப்ப காகிதம் நகர்ந்துபோச்சு. ஒரு காது ரெண்டா விழுந்திருச்சு. புத்தகத்தைப் பாத்துட்டு நான் மூணு நாள் சோறு தண்ணி இல்லாம அழுதேன்.”

சடையப்பன் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. தன் வீரனின் ரகசியம் ஒரு நரியின் கவனக்குறைவு என்று முகத்துக்கு நேரே சொன்னால் எந்தக் கரடிதான் தாங்கும்? “இல்லம்மா, நீங்கதான் மறந்துட்டீங்க,” என்றது.

ஆனாலும் ஆசை விடவில்லை. தன்னிடம் மிச்சமிருந்த ஒரே தேன்மரத்தைத் தருவதாகச் சொன்னது. அஞ்சுகமும் சம்மதித்தது. ஆனால் அந்தக் காட்டில் இப்போதெல்லாம் சான்றிதழ் இல்லாமல் எந்தப் படமும் கைமாறக் கூடாது. இரண்டும் ‘அசல் தன்மை உறுதி அலுவலக’த்துக்குப் போய், டோக்கன் வாங்கி, ஆமைக்குப் பின்னால் வரிசையில் நின்றன. வரிசை நகர்ந்த வேகத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே அதிகாரி ஒரு கொக்கு. படிவத்தில் ‘மதிப்பு’ என்ற கட்டத்தில் சடையப்பன் ‘சொல்லி மாளாது’ என்று எழுதியிருந்தது. கொக்கு அதை அடித்துவிட்டு ‘ஒரு மரம்’ என்று திருத்தியது. பிறகு ஒற்றைக் காலில் நின்றபடி படத்தையும் அச்சான புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

“புத்தகத்துல காது மூணு. இதுல ரெண்டு. போலி. அடுத்த ஆள் வரலாம்!”

“ஐயா, வரைஞ்சவளே நான்தானே!” என்றது அஞ்சுகம்.

“படிவத்துல ஓவியர் கருத்துக்குன்னு கட்டம் கிடையாதும்மா.”

கரடி வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதது. அவ்வளவு பெரிய உடம்பு அழுதால் பார்க்கிறவர்களுக்கே கூச்சமாக இருக்கும். “முப்பது வருஷம் தேடினேம்மா. கிடைச்சும் கிடைக்கலியே!”

அஞ்சுகத்துக்கு மனசு கேட்கவில்லை. தேன்மரம் போய்விடுமே என்ற கவலையும் கொஞ்சம் இருந்தது, ஒளிப்பானேன். கட்டுச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொண்டுவந்த ஊறுகாயில் வாலைத் தோய்த்தது. ஒரே இழுப்பு. அன்றைக்குத் தன்னை அழவைத்த அதே காதைத் தானே வரைந்து முடித்தது.

மறுபடியும் டோக்கன். மறுபடியும் அதே ஆமை. கொக்கு அலகால் தொட்டுத் தொட்டு எண்ணியது. “ஒண்ணு, ரெண்டு, மூணு. அசல்!” முத்திரை விழுந்தது.

சடையப்பன் படத்தை முகர்ந்து பார்த்தது. “பழைய காமிக்ஸ் வாசனை அப்படியே இருக்கும்மா,” என்று கண் கலங்கியது. அது பெருங்காயம் என்று சொல்ல அஞ்சுகத்துக்கு வாய் வரவில்லை.

குகைக்குப் போனதும் கரடிக்கு அடுத்த சந்தேகம் பிடித்துக்கொண்டது. சான்றிதழ் சட்டம் வருவதற்கு முன்பே வாங்கிய மற்ற நாற்பத்தொரு படங்களிலும் ஒரு பிழைகூட இல்லையே, எல்லாமே போலியோ? மறுநாள் அத்தனையையும் சுமந்துகொண்டு அஞ்சுகத்தின் பொந்துக்குப் போனது. ஒரு புலிக்கு மூக்கில் மை ஒழுக வேண்டும், ஒரு யானைக்குத் தந்தம் வானத்தில் தனியாக மிதக்க வேண்டும். சேதி பரவி, காட்டிலுள்ள சேகரிப்பாளர்கள் எல்லோரும் படமும் கையுமாக ஆற்றங்கரையில் வரிசை கட்டினார்கள்.

கொக்கும் சும்மா இருக்கவில்லை. மிருகங்களுக்கு அடையாள அட்டை கொடுப்பதும் அதே அலுவலகம்தான். சான்றிதழ் பெற்ற படத்தை நகலெடுத்து, ‘முயல்: அங்கீகரிக்கப்பட்ட மாதிரி’ என்று கீழே எழுதிச் சுவரில் ஒட்டியது.

ஒரு முறைக்கு ஒரு படம்தான் என்பதால், இரண்டு நாள் கழித்தும் சடையப்பன் ஆற்றங்கரை வரிசையின் கடைசியில்தான் நின்றது. பின்னால் ஒரு முயல் வந்து சேர்ந்தது. அதன் கையில் படம் எதுவும் இல்லை.

“எந்தப் படத்துக்குப்பா நிக்கிற?”

“படமில்லீங்க. அடையாள அட்டை கேட்டுப் போனேன். கொக்கு ஐயா சுவத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. ஒரு காது குறையுது, நீ போலின்னு விரட்டிட்டாரு. பொறந்ததுலேருந்து நான் முயல்தாங்க!”

சடையப்பன் அதைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தது. இரண்டே காது. ரொம்பப் பாவமாக இருந்தது.

“எல்லாப் போலியும் அப்படித்தாம்ப்பா சொல்லும்,” என்று முதுகைத் தடவிக் கொடுத்து, தனக்கு முன்னால் இடம் விட்டது. “கவலைப்படாதே. அணிலம்மா வால் பட்டா அசலாயிடுவே.”

நீதி: அசலாகப் பிறந்தால் மட்டும் போதாது, நகலைப் பார்த்துத் திருந்தவும் வேண்டும்.