தராசு செருப்புத் தேர்ந்த படலம்

வாழ்க, வாழ்க! மின்தூக்கிக் கூண்டுகளின் நாடியறிந்தோன், இரும்பு வடத்தை இழுத்துப் பார்த்தே பாரம் சொல்வோன், பல்துலக்கியின் கைப்பிடியை இரக்கமின்றிப் பாதியாய் அறுத்தோன், சட்டைக் கழுத்தில் தைத்த துணிச்சீட்டையும் சுமையெனக் கண்டு கத்தரித்தெறிந்தோன், லிஃப்ட் பழுதுபார்க்கும் கூட்டாளிகளால் ‘தராசு’ என்று விளிக்கப்பட்டோன் வாழ்க! புவியீர்ப்பு என்னும் பழம்பகையோடு பொழுதெல்லாம் பொருதுநின்ற அப்பெருந்தகை ஒரு சோடிச் செருப்புக்காகப் பட்ட பாட்டை இனிச் சொல்லப்போகிறோம். வேறு வேலை இல்லாதவர்கள் உட்காருங்கள்.

மூட்டையை முதுகில் ஏற்றி வாரக்கணக்கில் மலை கடப்போர்க்கு ஒரு வழக்கம் உண்டு. பகலெல்லாம் காலைக் கவ்விக் கிடந்த தடித்த பூட்ஸை மாலையில் கழற்றி உலர வைத்துவிட்டு, கூடாரத்தைச் சுற்றி நடமாட லேசான வேறொரு செருப்பை மாட்டிக்கொள்வார்கள். சென்ற ஆண்டுப் பயணத்தில் நம் தலைவன் அந்தச் செருப்பையே வீண்சுமை என்று விலக்கினான். விலக்கியவன் சும்மா இருந்தானா? மாலைதோறும் மனைவியின் செருப்பை மாட்டிக்கொண்டு சக்கரவர்த்திபோல் உலாவினான். பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்த மாதரசி ஊறிப்போன பூட்ஸிலேயே நின்று நின்று குதிகால் புண்ணாகி, ஆசை ஆசையாய்ப் பார்க்க வந்த மலைக்கணவாயைப் பார்க்காமலே பாதி வழியில் திரும்பினாள். பாவம், திரும்பும் வழியெல்லாம் அழுதாள். ஆகவே இம்முறை சமையலறை வாசலை மறித்து நின்று அவள் ஆணை பிறப்பித்தாள்.

“என் செருப்புல இந்தத் தடவை உங்க கால் பட்டுச்சுன்னா அதோட சரி. நான் தனியாப் போய் அந்தக் கணவாயப் பாத்துட்டு வரேன். நீங்க பஸ் புடிச்சு வீட்டுக்குத் திரும்பிடுங்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்லள் அவள். நாற்பது பிள்ளைகள் கூச்சலிடும் வண்டியைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்குகிறவள்.

புறப்பட்டான் தலைவன்! மாவு நிறுக்கும் தராசைக் கேடயமென அக்குளில் இடுக்கி, நெற்றி வியர்க்க, நெஞ்சு நிமிர, கண்ணாடிக் கதவைத் தோளால் பிளந்து காலணிக் கடை புகுந்தான். அடுக்கடுக்காய் அணிவகுத்து நின்றது பகைப்படை. முதலில் வந்தது நீரோடை கடக்கும் வார்ச்செருப்பு. வளையமும் கொக்கியும் பூட்டிய அக்கவசதாரி தட்டில் ஏறியதும் எண்கள் எகிறின. ஏறிய வேகத்தில் இறக்கப்பட்டது. அடுத்து வந்தது நுரையால் ஆன மெல்லிய செருப்பு. எடையில் இளையது, விலையில் எளியது, ஆயினும் என்ன பயன்? கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வார் ஓடுவதால், குளிருக்குப் போடும் கம்பளிக் காலுறையோடு அது ஒத்துப்போகாது என்றறிந்து பெருமூச்செறிந்தான். மூன்றாவது, முன்னொருநாள் விடுதி அறையில் இலவசமாய்க் கிடைத்ததென்று வீட்டிலிருந்தே அவன் கொணர்ந்த வெள்ளைத் துணிச்செருப்பு. காற்றினும் லேசான அவ்வீரன், கடைக்காரர் துடைத்துவிட்டிருந்த ஈரத்தரையில் நாலடி வைப்பதற்குள் கூழாகி மாண்டான். கடைக்காரர் மறுபடியும் தரையைத் துடைத்தார்.

இறுதியில் எழுந்தது துளைகள் நிறைந்த ரப்பர்க் காலணி. அகன்ற முகமும் தடித்த அடியும் கொண்ட அந்த அழகற்ற வேழத்தின்முன் தராசின் குரல் இடியென முழங்கிற்று. “அந்த விலை அட்டைய முதல்ல கழட்டுங்க. செருப்பை நிறுக்கச் சொன்னா அட்டையச் சேத்து நிறுக்கறீங்களே.”

கடைக்காரர் கழற்றினார். பார்வைக்கு வேழமாயினும் தட்டில் அது பஞ்சாய் நின்றது, கம்பளிக் காலுறையோடும் ஒத்துப்போனது. இந்த ஆள் போனால் போதும் என்றிருந்தது அவருக்கு.

வெற்றிவாகை சூடி வீடு திரும்பியவன் கத்தரி ஏந்தினான். குதிகால் வார் வீழ்ந்தது. உள்ளங்கால் மெத்தை வீழ்ந்தது. பக்கவாட்டில் பொறித்த நிறுவன முத்திரையும் சுரண்டப்பட்டு வீழ்ந்தது. தட்டில் ஒரு காலணிதான் கொள்ளும் என்பதால் நறுக்கிய ஒன்றை மூட்டையில் செருகிவிட்டு மற்றதை ஏற்றினான். அப்போது பார்த்து வாசலில் வாடகைக் காரின் ஒலிப்பான் அலறிற்று. ஓடினான். ஓடும்போதும் விட்டானா? கதவு நிலையில் தொங்கிய கொக்கித் தராசில் மூட்டையை ஒருமுறை மாட்டிப் பார்த்தான். போட்டு வைத்த கணக்கைவிடக் குறைவு!

உம்மைப்போல், என்னைப்போல் உள்ளவர்கள் எதை விட்டோம் என்று பதறியிருப்பார்கள். தராசு பூரித்தான். “கத்தரி வேலைய பாத்தியா? இவ்வளவு லேசா நான் மூட்டை தூக்கினதே இல்ல,” என்று தெரு கேட்கப் பறைசாற்றி வண்டி ஏறினான். சமையலறையில் மாவுத் தராசின் தட்டில் வலது காலணி தன்னந்தனியே கிடந்தது.

அன்று மாலை, இரு முறை ஓடை கடந்து பூட்ஸ் நிறையத் தண்ணீர் சுமந்து, குளிரில் விறைத்த சரளைக்கல் மேட்டில் கூடாரம் அடித்து, மூட்டையைத் திறந்தான் தலைவன். ஒன்று வந்தது. மற்றொன்று வரவில்லை. உறக்கப் பையை உதறினான், பாத்திரத்துக்குள் பார்த்தான், மூட்டையையே தலைகீழாய்க் கவிழ்த்தான். எதிரே தன் ஊதாச் செருப்பில் கால்களைச் சுகமாய் நுழைத்துக்கொண்டு மனைவி அமர்ந்திருந்தாள். அவன் பார்வை அந்தச் செருப்பில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் அதைக் கண்டாள். கூடாரத் துணி படபடத்தது.

“என்ன?” என்றாள்.

கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பாள். கொடுத்துவிட்டு மறுநாள் புண்ணான காலோடு நடந்திருப்பாள். கணவாய் இன்னும் ஐந்து நாள் தொலைவில் இருந்தது. தொண்டைவரை வந்த சொல்லை, வீரருள் வீரன், எடைகடிந்த ஏறு, ஆயிரம் மின்தூக்கிகளின் ஆண்தகை, எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

“ஒண்ணுமில்ல. ஒரு கால் செருப்பே போதும்னு முடிவு பண்ணிட்டேன்,” என்று மலைகள் எதிரொலிக்க மொழிந்தான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் சிரிப்பில் குலுங்கின.

தராசு வலது காலில் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான்.